மூடி போட்ட தெரு

அய்யய்யோ, பயப்படாதீங்க சார். குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேட்டரி கம்மியானா இது இப்பிடித்தான் கத்தும். இருங்க, அமுக்கிடுறேன். ஆச்சு. ஏம்மா, நீங்களும் உக்காருங்க. கண்டக்டர் வேற திரும்பிப் பாக்குறாரு. ஒண்ணும் இல்லண்ணே, மீட்டரு! கெட்ட வாயு அளக்குற மீட்டரு!

ஆபீஸ் சாமான் சார். இந்தப் பையில இன்னும் என்னென்ன இருக்குன்னு பாத்தா சிரிப்பீங்க. டார்ச்சு, ரப்பர் வளையம் ஆறு சைசுல, ரென்ச்சு, சிலிக்கான் ட்யூப்பு ரெண்டு, கையுறை, அப்புறம் அந்தத் தூக்குல அதிரசம். அதிரசம் மட்டும் என் சம்சாரம் வச்சுவிட்டது, மகளுக்கு. கோயம்புத்தூர்ல இருக்கா. அங்கதான் போறேன்.

என்ன வேலையா? குடிநீர்ப் பிரிவுல...

இல்ல சார். பாத்தீங்களா, கேட்ட ஒடனே வாய் தானாப் பொய் சொல்லுது. இருபத்தேழு வருசப் பழக்கம். குடிநீர் இல்ல, கழிவுநீர். பாதாளச் சாக்கடை. அதுலயும் எனக்கு நாத்தத்துக்கான மேசை. அப்பிடின்னு போர்டுல எழுதியிருக்காது. ஆனா எங்க ஊர்ல எந்தத் தெருவுல சாக்கடை நாறினாலும் அந்த ஃபைலு என் மேசைக்குத்தான் வரும். "தனுஷ்கோடிகிட்ட தள்ளிவிடு"ம்பாங்க. தனுஷ்கோடி நான்தான்.

நகர்றீங்களா? ஓ, கால நீட்டுறீங்களா. நீட்டுங்க, நீட்டுங்க. நான் ரெண்டு தடவ குளிச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பொய்யி எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேளுங்க. என் கல்யாணத்துல. என் மாமனாருகிட்ட தரகரு, "மாப்ள தண்ணி ஆபீஸ்ல எஞ்சினியரு"ன்னுட்டாரு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கேசரி வாயில இருந்துச்சு, மறுத்துப் பேசல. அதுவும் தண்ணிதானே, என்ன இப்போ? வசந்தாவுக்கு ஒரே வாரத்துல தெரிஞ்சுபோச்சு. சட்டை தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனா வெளிய மூச்சு விடல. சொந்தக்காரங்க எல்லாருக்கும் நான் தண்ணிக்கார மாமா. எவன் வீட்டுக் கொழாயில காத்து வந்தாலும் எனக்குத்தான் போனு. நான் குடிநீர் செக்ஷனுக்கு ஓடி, அங்க இருக்குறவனுக்கு வடை வாங்கிக் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடித் தொறந்துவிடச் சொல்லுவேன். என் சொந்த வேலையில அந்த அளவுக்கு ஓடியிருந்தா இன்னேரம் பிரமோஷன்ல மெட்ராஸ் போயிருப்பேன்.

வீட்டுல என் வேலையப் பத்தி வெக்கப்படாத ஆளு ஒண்ணே ஒண்ணு, என் மக. சுடர்விழி. ஒத்தப் பிள்ள. சின்னதுல இருந்தே, "அப்பா, இன்னைக்கு எந்தத் தெரு நாறுச்சு?"ன்னு கேட்டாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும். ஏழு வயசுல ஒரு பழக்கம். நாங்க கோடை லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வருவோம்ல, வீட்டுக் கதவத் தொறந்த ஒடனே செருப்பக்கூடக் கழட்டாம ஒரு மக்குல தண்ணி எடுத்துக்கிட்டு பாத்ரூம் பாத்ரூமா ஓடுவா. தரையில தண்ணி போற ஓட்டை இருக்கில்ல, அதுல ஊத்துவா. ஏன்னா நான் சொல்லிக்கொடுத்திருக்கேன். அந்த ஓட்டைக்குக் கீழ வளைஞ்ச ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும் சார். ட்ராப்புன்னு சொல்லுவோம். அதுல எப்பவும் ஒரு கை தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் ரோட்டுச் சாக்கடைக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல இருக்குற கதவு. பொழங்காம விட்டா தண்ணி காய்ஞ்சு போகும். காய்ஞ்சா கதவு தொறந்துக்கிச்சுன்னு அர்த்தம். அம்புட்டுத்தான் விசயம்.

இத மனசுல வச்சுக்கங்க சார். நான்தான் வச்சுக்கல.

எங்க தெருவு பொன்மலர் நகர் மூணாவது தெரு. நான் வீடு கட்டும்போது நல்ல தெருவுதான். அப்புறம் எங்க ஆபீஸே பிளான் போட்டு, நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்குற பம்பிங் ஸ்டேஷன்ல இருந்து குழாய் கொண்டாந்து, எங்க தெரு மேன்ஹோல்லதான் கொட்டுச்சு. ஓடுற சாக்கடை நாறாது சார். நின்னதுதான் நாறும். நாலு கிலோமீட்டர் குழாய்க்குள்ள மணிக்கணக்கா நின்னு புளிச்சு, பம்ப்பு ஓடினதும் மொத்தமா வந்து எங்க தெருவுல தொபுக்கடீர்னு விழும். விழும்போது வாயு மேல வரும். அழுகின முட்டை வாடை. தெரு சனம் மனு மேல மனு போடுது. அந்த மனு எங்க வரும்? என் மேசைக்கு. பக்கத்து வீட்டு ஜெயபாண்டி மனு எழுதி, என்கிட்டயே கையெழுத்து வாங்கினாரு. "சார் நீங்க குடிநீர்ல இருக்கீங்க, ஒங்க கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும்"னு. போட்டேன். மறுநாள் ஆபீஸ்ல அந்த மனுவ நானே வாங்கி, நானே முத்திரை குத்தினேன்.

ரெண்டு வருசம் அந்த ஃபைல நான் தொடல. தொட்டா தெருவுல போயி நிக்கணும், நின்னா தெரிஞ்சுபோகும். அப்புறம் போன தையில சுடருக்கு ஒரு வரன் வந்துச்சு. நல்ல எடம். மாசியில பொண்ணு பாக்க வர்றாங்க. வாசல்ல காரை விட்டு எறங்கும்போதே முட்டை வாடை அடிச்சா என்ன ஆகும்? அன்னைக்கே ஃபைல எடுத்துட்டேன்.

முறையான வேலை என்னன்னா மூணு இருக்கு. பம்பிங் ஸ்டேஷன்ல மருந்து கலந்து தண்ணி புளிக்காமப் பாக்கணும். மேன்ஹோல் மூடிய ரப்பர் வச்சு இறுக்கணும். உள்ள சேர்ற வாயு போறதுக்கு, தெரு முனையில ஒசரமா ஒரு இரும்புக் குழா நட்டு, கரி நெரப்பின பெட்டி வச்சு, காத்த மேல விட்டுறணும். இந்த மூணையும் எழுதினது நான்தான். பிளான்ல அந்தக் கம்பம் எங்க வருதுன்னு பாத்தா, கரெக்டா என் வீட்டு கேட்டு ஓரத்துல. மாப்ள வீட்டுக் காரு நிக்கிற எடம். பேனாவ எடுத்தேன், அந்த வரிய அடிச்சேன். மருந்துக்கு டெண்டர் விட ஆறு மாசம் ஆகும், அதையும் தள்ளி வச்சேன். மிச்சம் என்ன? மூடி. தெருவுல இருக்குற பதினாலு மூடியையும் ரப்பர் வளையம் வச்சு, சிமெண்டு பூசி, ஒரு கொசு மூச்சு விட முடியாத மாதிரி அடைச்சேன்.

அடைக்கும்போது நான் நின்ன கோலம் பாக்கணுமே. தலையில ஹெல்மெட்டு, மூஞ்சியில மாஸ்க்கு, அதுக்கு மேல துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. வங்கிக்குக் கொள்ளையடிக்கப் போறவன்கூட இம்புட்டு மறைக்க மாட்டான். ஜெயபாண்டி எல்லாருக்கும் மோர் கொண்டாந்தாரு. என்கிட்ட வந்து, "சார் வெளியூரா?"ன்னாரு. தலைய ஆட்டினேன். மோரக் குடிக்க மாஸ்க்க எறக்கணுமே, அதனால வேண்டாம்னு கையக் காட்டிட்டேன். எங்க ஃபிட்டர் சேவுகன் அங்கிட்டுத் திரும்பிச் சிரிச்சான். பதினெட்டு வருசமா என்கூட வேலை பாக்குறவன் சார். ஆனா என் வீடு அதுதான்னு அன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. நான் காட்டினதில்ல. வீட்டுக்கு வான்னு கூப்பிட்டதும் இல்ல. வந்தா வேலை தெரிஞ்சுருமே.

ஆனா மறுநாளே நாத்தம் நின்னுபோச்சு. சுத்தமா. தெருவே பட்டாசு வெடிக்காத கொறைதான். எனக்கும் மண்டையில கனம் ஏறிருச்சு. அடைச்ச காத்து எங்க போச்சுன்னு நான் யோசிக்கவே இல்ல. நாத்தத்துக்குன்னே மேசை போட்டு ஒக்காந்திருக்குறவன் யோசிக்கல!

ஒட்டன்சத்திரமா இது? அதுக்குள்ள வந்துருச்சு. தக்காளி வாடை வருது பாருங்க. இது எம்புட்டு நல்ல வாடை.

சரி. பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்ளயோட அப்பா நல்லா கலகலன்னு பேசுற மனுசன். காபிய ஒரு வாய் குடிச்சிட்டு, "ஒங்க ஊருத் தண்ணியில காபியே தனி ருசி. அப்பா கைவண்ணமாம்மா?"ன்னு சுடரப் பாத்துக் கேட்டாரு. அந்த மனுசன் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாரு. இவ சிரிச்சுக்கிட்டே சொல்றா: "குடிக்கிற தண்ணிக்கும் அப்பாவுக்கும் சம்பந்தம் இல்லீங்க மாமா. குடிச்சு முடிச்சு வெளிய போற தண்ணிதான் அப்பாவோடது. சாக்கடை நாத்தத்த அடக்குறாரு. இப்ப தெருவுல நடந்து வந்தீங்கள்ல, மூக்கப் பொத்தினீங்களா? போன மாசம் வந்திருந்தா பொத்தியிருப்பீங்க. எங்கப்பா நின்னு அடைச்சது."

மாப்ளயோட அம்மா கையில இருந்த கேசரித் தட்டு அப்பிடியே கீழ வந்துச்சு. மெதுவா, சத்தம் இல்லாம. "ஊருக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்றோம்"னாங்க. அது என்ன பேச்சுன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஜ்ஜி ஒண்ணுகூடத் தொடல. அன்னைக்கு ராத்திரி பூரா நானே தின்னேன்.

காரு போன ஒடனே நான் ஆடினேன் பாருங்க ஒரு ஆட்டம். என் மானத்த வாங்கிட்ட, மரியாதையக் கெடுத்துட்ட, இருபத்தேழு வருசம் கட்டிக் காத்தத ஒரு நிமிசத்துல போட்டு ஒடச்சிட்டன்னு. அவ நின்னு நிதானமா, "மீன் வித்த காசு நாறுமாப்பா? நான் என்ன தப்பாச் சொன்னேன்?"னு கேட்டா. பதில் இல்லாதவன்தானே கத்துவான். "ஒன்ன மாதிரி ஒருத்தி இருக்குறதுக்கு அந்த ரூமு காலியாக் கெடக்கலாம்"னுட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது சார். சொல்லும்போதே தெரியும். ஆனா வாய்க்கு ட்ராப்பு கெடையாதே.

கோயம்புத்தூர்ல ஒரு பம்ப்பு கம்பெனியில அவளுக்கு வேலை கெடச்சிருந்துச்சு. நான்தான் வேண்டாம்னு தடுத்து வச்சிருந்தேன். மறுநாள் காலையில பையத் தூக்கிட்டா. வாசல்ல என்கிட்ட, "ரூமு காலியாயிருச்சுப்பா"ன்னு சொல்லிட்டு ஆட்டோவுல ஏறினா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். அதாவது, பேப்பர் கையில இருந்துச்சு. ஆட்டோ திரும்பினதும் உள்ள போயி அவ ரூமப் பூட்டினேன். சாவிய எங்க வச்சேன்னு நெனைக்கிறீங்க? அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன். வசந்தா எடுத்துரக் கூடாதுன்னு. குளிக்கும்போது ஜில்லுனு படும். பட்டா படட்டும்னு இருந்தேன். அம்புட்டு வைராக்கியம்.

என்ன பம்ப்புன்னு கேட்டீங்களா? அது வந்து... கழிவுநீர் பம்ப்பு. வேற கம்பெனியே கெடைக்கல பாருங்க அவளுக்கு.

மாசி போச்சு. பங்குனி கடைசியில வீட்டுக்குள்ள லேசா ஒரு வாடை. முட்டை வாடை. நான் மொதல்ல வசந்தா மேல சந்தேகப்பட்டேன், முட்டை எங்கயாவது ஒடஞ்சு கெடக்குமோன்னு. "நம்ம வீட்டுல முட்டை வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, வாங்கினா சாப்புடுறவ ஊர்ல இல்ல"ன்னா. அப்புறம் செத்த எலின்னு நெனச்சேன். பரண்ல ஏறி இருபத்தேழு வருசக் குப்பைய எறக்கினேன். எலி இல்ல. சித்திரை வெயிலு ஏற ஏற நாத்தமும் ஏறுது. தெருவுல ஒரு வீட்டுல கெடையாது சார். ஜெயபாண்டி வீட்டுல மல்லிப்பூ வாசம். என் வீட்டுல மட்டும் கூடத்துல உக்கார முடியல. பினாயிலு, சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம், அந்துருண்டை, எல்லாம் போட்டேன். எல்லா வாசமும் நாத்தத்தோட சேந்து புதுசா ஒண்ணு உருவாச்சு. அதுக்கு இன்னும் பேரு வைக்கல.

ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில துள்ளி விழுந்துச்சாம். அந்தப் பல்லியே நான்தான்.

வாயப் பொத்திக்கிட்டு இதே மீட்டர ஆபீஸ்ல இருந்து கொண்டாந்தேன். வீடு பூராம் சுத்தினேன். கூடத்துல ஒண்ணு காட்டுச்சு. அடுப்படியில ஒண்ணுகூட இல்ல. சுடரு ரூமு வாசல்ல கொண்டுபோனா மூணு, நாலுன்னு ஏறுது, கத்துது. நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? மீட்டரு கெட்டுப்போச்சு! சத்தியமா சார். பூட்டின ரூமு, உள்ள ஆளே இல்ல, அங்க எப்பிடி வாயு வரும்னு நெனச்சேன். மீட்டர் பொய் சொல்லுதுன்னு கம்பெனிக்கு ரெண்டு பக்கத்துக்குக் கடுதாசி எழுதினேன். அவன் வேற மீட்டர் அனுப்பினான். அதுவும் அந்த வாசல்ல நின்னுதான் கத்துச்சு. அதுவும் கெட்டதுன்னு எழுதினேன்.

வசந்தாவா? மூக்குல முந்தானையச் சுத்திக்கிட்டு அரிசி பொடைப்பா. தெனம் மத்தியானம் அடுப்படியில மககூடப் போன்ல குசுகுசுன்னு பேசுவா. நான் போனா பேச்ச நிறுத்திருவா. எனக்கு மட்டும் போன் கெடையாது. நானும் பண்ணல. யாரு மொதல்ல பண்றதுன்னு ஒரு இது இருக்கில்ல? அப்பன் நானு.

ஆனியில ஒரு நாளு ஆபீஸ் விட்டு வர்றேன், என் வீட்டுக் கூடத்துல சேவுகன் உக்காந்திருக்கான். என் சேர்ல. எங்க வீட்டு டம்ளர்ல காபி குடிச்சுக்கிட்டு. வசந்தாதான் ஆபீஸ் நம்பரப் பாத்து அவனக் கூப்பிட்டிருக்கா. எந்திரிச்சு நின்னு, "சார், ஒங்க வீடு இதுதானா? இந்த வாசல்லதான அன்னைக்கு மூடி அடைச்சோம்?"னு கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? "உக்காருப்பா"ன்னேன்.

அவன் மீட்டரெல்லாம் கேக்கல. மூக்க ரெண்டு தடவ உறிஞ்சினான். நேரா அந்த ரூமு வாசலுக்குப் போனான்.

"இதுல யாரு சார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"எம்புட்டு நாளா?"

"நாலு மாசமா."

"உள்ள பாத்ரூம் இருக்கா?"

இருக்குன்னு சொல்ல வாயத் தொறந்தேன் சார். தொறந்த வாயி தொறந்தபடி நின்னுபோச்சு.

சேவுகன் சிரிக்க ஆரம்பிச்சான். என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திட்டான். "சார், நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே இது? காத்த அடைச்சா அது எங்கயாவது வழி தேடும்னு? தெருவுல பதினாலு மூடியையும் அடைச்சோம். கம்பத்துக்கான வரிய பிளான்லயே அடிச்சிட்டீங்க. எல்லார் வீட்டு ட்ராப்புலயும் தண்ணி நிக்கிது. ஊர்லயே காய்ஞ்சு கெடந்தது ஒண்ணே ஒண்ணு"ன்னான். மாடியில காத்துக் குழா வச்சிருந்தாலாவது கொஞ்சம் மேல போயிருக்கும். வீடு கட்டும்போது முகப்பு அழகு கெட்டுரும்னு அதையும் நான்தான் வேண்டாம்னேன். எனக்குக் குழான்னாலே ஆகாது போல.

அவன் முன்னாடி சட்டையத் தூக்கி அரைஞாண் கயித்துல இருந்து சாவிய அவுக்க வேண்டியதாப்போச்சு. முடிச்சு வேற இறுகிக் கெடக்கு. நாலு மாச முடிச்சு. கடைசியில அவன்தான் குனிஞ்சு, "இருங்க சார்"னு நெகத்தால அவுத்துவிட்டான். திரும்பிப் பாக்குறேன், வசந்தா ஒரு சொம்பு நெறையத் தண்ணியோட நிக்கிறா. எப்ப மொண்டான்னே தெரியல.

"ஒனக்குத் தெரியுமா?"ன்னேன்.

"பங்குனியிலயே சுடரு சொல்லிட்டா. 'என் ட்ராப்பு காய்ஞ்சிருக்கும்மா, ஆனா அப்பாகிட்ட நீ சொல்லாத, அவரா தொறக்கட்டும்'னா."

அதாவது சார், ரெண்டு பேரும் மூணு மாசம் என்னைய என் நாத்தத்துலயே ஊறப்போட்டிருக்காங்க.

தொறந்தேன். உள்ள ஒண்ணும் இல்ல. கட்டில்ல போர்வை மடிச்சபடி இருக்கு. பாத்ரூம்ல தரை வறண்டு வெள்ளையா, ஒரு பல்லி செத்துக் கெடந்துச்சு. ஓட்டையில தண்ணிய ஊத்தினேன். 'களக்'னு ஒரு சத்தம். கால் மணி நேரம் சன்னல் தொறந்து கெடந்துச்சு, நாத்தம் போயிருச்சு. மூணு மாசம், ரெண்டு மீட்டரு, பரண் பூராம் குப்பை, ஒரு சொம்புத் தண்ணி. நான் அந்தப் பாத்ரூம் வாசப்படியிலயே உக்காந்துட்டேன். அழுதேனான்னு கேக்காதீங்க. கண்ணு எரிஞ்சுச்சு. அந்த வாயுவுக்குக் கண்ணு எரியும், புஸ்தகத்துலயே போட்டிருக்கு.

டீக்கு நிறுத்திருக்கான். ஒங்களுக்கு வேண்டாமா? எனக்கும் வேண்டாம். காலையில இருந்து ஒண்ணும் எறங்கல.

அதுக்கப்புறம் வெள்ளிக்கெழம தவறாம ஒரு சொம்பு. வசந்தா சாமிக்கு வெளக்கேத்துறா, நான் ட்ராப்புக்குத் தண்ணி ஊத்துறேன். ஆபீஸ்ல பழைய பிளான எடுத்து, நான் அடிச்ச வரிய நானே திரும்ப எழுதிக் கம்பமும் நட்டாச்சு. கேட்டு ஓரத்துல இருபத்தஞ்சடி, நீலப் பெயிண்டு. நட்டன்னைக்கு ஜெயபாண்டி வந்து அண்ணாந்து பாத்து, "என்ன சார், கொடிக்கம்பமா? எந்தக் கட்சி?"ன்னாரு. மாஸ்க்கு இல்ல, துண்டு இல்ல, கண்ணாடி இல்ல. "சாக்கடைக் கட்சி சார். நாத்தம் போற குழா. நான்தான் நட்டேன், அதுதான் என் வேலை"ன்னு சொல்லிட்டேன். மனுசன் கம்பத்த விட்டுட்டு என் மூஞ்சியப் பாத்து, "அப்ப அன்னைக்கு மோர் வேண்டாம்னது நீங்களா?"ன்னாரு. அம்புட்டுத்தான் சார். வேற ஒண்ணுமே கேக்கல. இதுக்குத்தான் இருபத்தேழு வருசம் பயந்து செத்திருக்கேன். அவருக்கு அடுத்து இப்ப ஒங்ககிட்டத்தான் சொல்றேன்.

போன வாரம் வசந்தா போன வச்சிட்டு வந்து, "சுடரு வீட்டு பாத்ரூம்ல நாத்தமாம். தாங்க முடியலையாம். அப்பாவ வந்து பாக்கச் சொல்லுன்னா"ங்குறா.

"என்னையவா? அவ வாயால சொன்னாளா?"

"அவ வாயாலதான்."

எனக்குக் கை காலு ஓடல சார். புத்தி எங்க போகும், ஒடனே கேள்வி கேட்டேன். எந்நேரம் நாறுது, முட்டை வாடையா, வேற வாடையா, எத்தனாவது மாடின்னு. "அதெல்லாம் நேர்ல போயிக் கேளுங்க"ன்னுட்டா. பாவம் பிள்ள, வாடகை வீடு, வீட்டுக்காரன் என்ன லட்சணத்துல குழா போட்டானோ. அதான் ஒண்ணுவிடாம எல்லாத்தையும் அள்ளிப் பையில போட்டுக்கிட்டேன். எனக்கு ஒரு ஆச்சரியம் என்னன்னா, ஏழு வயசுல மக்கத் தூக்கிக்கிட்டு ஓடின பிள்ள, என் வீட்டு ட்ராப்பு காய்ஞ்சத அங்க உக்காந்துக்கிட்டே சொன்ன பிள்ள, கழிவுநீர் பம்ப்பே டிசைன் பண்ற பிள்ள, அதுக்கு அது வீட்டு நாத்தம் பிடிபடலையே! வேலைப்பளு. மறந்திருப்பா.

ஏன் சார் சிரிக்கிறீங்க?

என்ன சொல்றீங்க? நாத்தமே இருக்காதா?

இல்ல சார். நீங்க அவளப் பாத்ததில்ல. ரோசக்காரி. அப்பிடியெல்லாம் சாக்கு வச்சுக் கூப்பிடுற ஆளு இல்ல. என்னைய மாதிரி.

கெளம்பும்போது வசந்தா கேட்டா, "போயி மொத வார்த்தை என்ன பேசுவீங்க?"ன்னு. எந்த பாத்ரூம்னு கேப்பேன்னேன். தலையில அடிச்சுக்கிட்டா. "மன்னிச்சுக்கம்மான்னு சொன்னா வாயி வெந்துருமா?"ன்னா. ஒத்திகை பாத்துக்கிட்டேதான் வர்றேன். திண்டுக்கல் வரைக்கும் 'மன்னிச்சுக்கம்மா' நல்லா வந்துச்சு. ஒட்டன்சத்திரத்துல கொஞ்சம் தேஞ்சுச்சு. இப்ப மறுபடி எந்த பாத்ரூம்லயே வந்து நிக்கிது.

அந்தக் கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் பாருங்க, என்னமாச் சுத்துது. ஆடிக் காத்து. பல்லடம் வந்துருச்சுன்னா கோயம்புத்தூரு ஒரு மணி நேரந்தான். ஜன்னலச் சாத்தாதீங்க சார், தூசி வந்தா வரட்டும். கொஞ்சம் காத்து போகட்டும்.

ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? வசந்தாகிட்டகூடச் சொல்லல. அன்னைக்கு அவ சொன்ன ஒடனே நானே போனு போட்டு, ஒரு சொம்புத் தண்ணி ஊத்தும்மா, சரியாப்போகும்னு சொல்லியிருக்கலாம். ரென்ச்சும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன் சார். மூணு நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்.